தூரிகை கண்ட தாவரங்கள்



பெங்களூரில் அடுகோடி, வில்ஸன் தோட்டம், லக்கசந்திரா ஆகிய பகுதிகளில் குடியிருக்கும் தமிழ் மக்களுக்கு லால்பாக் பூங்கா அடுத்த வீட்டுத் தோட்டத்தைப் போன்றது. அடுகோடியிலிருந்து காலாற நடந்தே அங்குப் போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தை குட்டிகளுடனும், கட்டிக்கொண்டு வந்த சிற்றுண்டியுடனும் அங்கு வந்து, பாறை மேல் ஏறிக் காற்று வாங்கி, கண்ணாடி மாளிகையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல. அப்படி நடக்கும்பொழுது, மரங்களில் பொருத்தப்பட்டுள்ள பெயர்ப்பலகைகளை நீங்கள் கவனித்திருக்கலாம். அவற்றில் மரத்தின் லத்தீன் பெயர் எழுதப்பட்டிருக்கும். தாவர நூல்களைப் புரட்டினால் அந்த லத்தீன் பெயருக்குப் பின்னால் இன்னொரு சிறு சொல்லையும் காணலாம். அச்செடிக்கு முதன்முதலில் முறைப்படி பெயர் சூட்டி விவரித்த அறிஞரின் பெயர் அது. செடி உள்ளவரை அவர் பெயரும் அதனுடன் வழங்கிவரும்.

அந்த அறிஞர் அச்செடியை விவரிப்பதற்கு முன்னால், பெரும்பாலும் வேறொருவர் அதைத் தம் கண்ணால் அளந்து, தம் கையால் தாளில் எழுதியிருப்பார். இலையின் நரம்புகளை எண்ணியவர் அவர். மலரின் உள்ளே எத்தனை மகரந்தத் தாள்கள் உள்ளன என்று பார்த்தவரும் அவரே. அவருடைய பெயர் செடியின் பெயரோடு ஒட்டுவதில்லை. தென்னாட்டில் அத்தகைய சித்திரங்களை எழுதியவர்கள் யார், அவர்கள் செய்த பணி எத்தன்மையது, அதை நாம் ஏன் நினைவில் வைக்கவேண்டும் என்பவற்றைப் பற்றியே இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், தாவரச் சித்திரம் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். பூச்சாடியில் வைத்த ரோஜாக் கொத்தை ஓர் ஓவியர் எழுதுகிறார் என்றால், அவருடைய நோக்கம் அழகு. வெளிச்சம் எப்படி விழுகிறது, வர்ணங்கள் எப்படி இசைகின்றன என்பவையே அவருக்கு முக்கியம். ஓர் இதழைக் கூட்டியோ குறைத்தோ எழுதினாலும் யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். தாவரச் சித்திரக்காரருக்கு அந்த உரிமை கிடையாது. அவர் எழுதும் படத்தைக் கொண்டு, கடல் கடந்த தேசத்தில் உள்ள ஒருவர், அச்செடியை ஒருபோதும் பார்த்திராத நிலையிலும், இஃது இன்ன இனம் என்று தீர்மானிக்க வேண்டும். ஆகவே இலைகள் எதிரெதிராக உள்ளனவா, மாறி மாறி உள்ளனவா, தண்டு உருண்டையா சதுரமா, காய் எப்படி வெடிக்கிறது என்ற விவரங்களில் ஒன்றுகூடப் பிழைபடக் கூடாது. அதே சமயத்தில் படம் உயிரற்றதாகவும் இருக்கக் கூடாது. சாட்சி சொல்லும் கடமையும் சித்திரம் எழுதும் கடமையும் ஒரே கைக்கு உரியவை ஆகின்றன.

இதன் அருமையை நான் வீட்டிலேயே ஒரு முறை கண்டேன். பள்ளிக்கூடத்தில் செம்பருத்திப் பூவை வரைந்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று என் மகள் காகிதத்துடன் வந்து உட்கார்ந்தாள். நாள்தோறும் பூஜைக்குப் பறிக்கும் பூதானே என்று நினைத்து, பூவைப் பார்க்காமலேயே ஐந்து இதழ்களையும் நடுவில் ஒரு குச்சியையும் போட்டுக் காட்டினேன். அவளுக்கு அது திருப்தி தரவில்லை. அடுக்குச் செம்பருத்தி அல்லாத ஒற்றைப் பூ ஒன்றைக் கொல்லையிலிருந்து கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். அப்பொழுதுதான் இதழ்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கத்து இதழின்மேல் படிந்தும், மறு பக்கத்து இதழின்கீழ் அடங்கியும், சக்கரம்போல ஒரே திசையில் சுற்றி நிற்பதைக் கண்டேன். நடுவில் நீளும் குச்சி ஒரே குச்சியன்று. மகரந்தத் தாள்கள் ஒன்றாகக் கூடி ஒரு குழலாக, அக்குழலுக்கு உள்ளிருந்து சூல்தண்டு வெளியே வந்து, நுனியில் ஐந்தாகப் பிரிந்து ஐந்து சிறு பொட்டுகளில் முடிகிறது. பூவின் அடியில் பச்சைக் கிண்ணம் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு அடுக்கு இருக்கிறது. நாற்பது ஆண்டுகளாகப் பார்த்துவந்த பூவை நான் அன்றுதான் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். எழுதத் தொடங்கினால்தான் கண் திறக்கிறது.

செடியை உலர்த்தித் தாளில் ஒட்டி வைத்துக்கொண்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். தாவர நூலார் அவ்வாறு உலர்த்தி வைக்கும் தொகுப்புகள் மிகவும் இன்றியமையாதவையே. ஆனால் உலர்ந்த செடியில் வர்ணம் போய்விடும். காசித்தும்பை போன்ற மெல்லிய மலர்கள் அழுத்தத்தில் நசுங்கி உருத்தெரியாமல் போகும். மரங்களில் ஒட்டி வாழும் ஆர்க்கிட் மலர்களின் நுட்பமான மடிப்புகள் தட்டையாகிவிடும். சில மலர்கள் ஒரு பகல்கூட நில்லாமல் வாடுகின்றன. குறிஞ்சியோ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் மலையை நீலமாக்குகிறது. அந்தச் சமயத்தில் அதன் நிறத்தைப் பிடித்து வைக்காவிட்டால், அடுத்த வாய்ப்பு வருவதற்குள் ஒரு குழந்தை பள்ளிப் படிப்பையே முடிக்கும் நிலைக்கு வந்துவிடும்.

இப்பணிக்கு நீர்வர்ணமே மிகவும் ஏற்றது என்று ஓவியர்கள் கண்டார்கள். அரைத்த வர்ணப் பொடியைப் பிசினுடன் சேர்த்து, நீரில் கரைத்துத் தீட்டுவது நீர்வர்ணம். அது விரைவில் உலரும். வாடும் பூவோடு போட்டியிடும் ஓவியருக்கு அந்த விரைவு வேண்டும். அது ஒளி ஊடுருவும் தன்மை உடையது. தாளின் வெண்மையே வர்ணத்தின் வழியாக ஒளிர்ந்து, இதழின் மென்மையைக் காட்டிவிடும். ஓவியர் முதலில் பென்சிலால் மெல்லிய கோடுகளில் செடியை அதன் இயல்பான அளவிலேயே எழுதிக்கொள்வார். பிறகு வெளிறிய பூச்சு ஒன்றைப் பரப்பி, அது உலர்ந்ததும் அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் மற்றொன்று என்று வெளிச்சத்திலிருந்து இருட்டை நோக்கிச் செல்வார். பச்சை என்று நாம் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். தளிரின் பச்சை வேறு, முற்றிய இலையின் பச்சை வேறு, இலையின் அடிப்புறத்துப் பச்சை வேறு. மஞ்சளையும் நீலத்தையும் வெவ்வேறு அளவில் கலந்து இவை அனைத்தையும் உண்டாக்குவது இத்தொழிலின் கடினமான பகுதிகளுள் ஒன்று. இறுதியாக, தாளின் அடிப்பாகத்தில் மலரைப் பிளந்து அதன் உறுப்புகளைத் தனித்தனியே பெரிதாக்கி எழுதுவார். பின்னணியில் வானமோ மலையோ இராது. வெள்ளைத் தாளில் செடி தனியே நிற்கும்.

புகைப்படக் கருவி வந்த பிறகும் இச்சித்திரங்களுக்குத் தேவை குறையவில்லை. புகைப்படம் ஒரு நொடியில் ஒரு கிளை இருந்த நிலையைக் காட்டும். அக்கிளையின் இலையைப் புழு அரித்திருந்தால் அதுவும் விழும். முக்கியமான உறுப்பு நிழலில் மறைந்திருந்தால் மறைந்தே போகும். சித்திரக்காரரோ பல செடிகளைப் பார்த்து அவற்றின் பொதுத்தன்மையைத் தேர்ந்துகொள்கிறார். தை மாதத்து மொட்டையும் சித்திரை மாதத்துக் காயையும் ஒரே தாளில் சேர்த்து, ஒரு செடியின் ஓராண்டு வாழ்க்கையைக் காட்டிவிடுகிறார்.

இனி, இக்கலை நம் நாட்டில் வளர்ந்த வரலாற்றுக்கு வருவோம். மலையாளக் கரையில் டச்சுக்காரர்கள் ஆதிக்கம் செலுத்திய காலத்தில், 1678 முதல் 1693 வரை, ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ என்ற படங்கள் நிறைந்த பெருநூல் பன்னிரண்டு பாகங்களாக ஆம்ஸ்டர்டாம் நகரில் வெளியாயிற்று. அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, கிழக்கிந்தியக் கும்பினியின் வைத்தியராகிய வில்லியம் ராக்ஸ்பரோ சோழமண்டலக் கரையின் தாவரங்களை இந்திய ஓவியர்களைக் கொண்டு எழுதுவித்தார். அவருக்காக எழுதப்பட்ட படங்கள் 2,500-க்கு மேற்பட்டவை. அவற்றுள் 300 படங்கள் 1795 முதல் 1820 வரை லண்டனில் பெரிய நூலாக அச்சிடப்பட்டன. ராக்ஸ்பரோவின் பெயர் தாவர உலகில் அழியாது நிற்கிறது. அந்த ஓவியர்களின் பெயரை நூல் சொல்லவில்லை.

இந்த மௌனத்தைக் கலைத்த முதல் பெயர்களுள் இரண்டு நம் தஞ்சைத் தரணியோடு தொடர்புடையவை: ரங்கய்யா, கோவிந்து. தஞ்சாவூரில் தெய்வ உருவங்களைப் பொற்றகடும் வர்ணமும் கொண்டு தீட்டிய ராஜு வகுப்பைச் சேர்ந்த தெலுங்கு பேசும் ஓவியர் மரபில் இவர்கள் வந்தவர்கள் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். இரண்டாம் சரபோஜி மன்னர் 1798 முதல் 1832 வரை அரசிருந்த தஞ்சையில் கலைகளும் விஞ்ஞானமும் ஒருங்கே போற்றப்பட்டன. பறவைகளையும் விலங்குகளையும் செடிகளையும் உள்ளபடி எழுதும் வழக்கமும் அங்கே வேரூன்றியிருந்தது. வெண்ணெய்த்தாழிக் கண்ணனின் கன்னத்தையும் ஆபரணத்தையும் நுணுக்கமாக எழுதிப் பழகிய கைக்கு, ஓர் இலையின் நரம்பை எழுதுவதில் தேவைப்படும் பொறுமை புதியதன்று. புதியதாக இருந்தது வேறொன்று. கண்ணனை எழுதும்பொழுது மரபு அளவு சொல்லும். செடியை எழுதும்பொழுது செடியே அளவு சொல்லும்.

ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து தேசத்து வைத்தியர் 1819-இல் சென்னைக்கு வந்தார். 1826-இல் கும்பினியின் இயற்கை நூலறிஞராக நியமனம் பெற்றார். இரண்டே ஆண்டுகளில் அப்பதவி எடுக்கப்பட்டுவிடவே, படைப்பிரிவு வைத்தியராக நாகப்பட்டினம் சென்றார். பதவி போனாலும் செடிகளின் மேல் இருந்த பற்றுப் போகவில்லை. இக்காலத்திலேயே ரங்கய்யா அவருக்காகச் சித்திரங்கள் எழுதத் தொடங்கிவிட்டார். கிளாஸ்கோ நகரில் பேராசிரியராக இருந்த வில்லியம் ஹூக்கருக்கு வைட் அவற்றை அனுப்பினார். ஹூக்கர் அவற்றைத் தம் பத்திரிகையில் அச்சிட்டார். தஞ்சைப் பகுதியின் ஓவியர் ஒருவர் எழுதிய செடிகளைக் கிளாஸ்கோவின் அறிஞர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கலாயினர்.

1834-இல் தாயகத்திலிருந்து திரும்பிய வைட், பிறகு கோயம்புத்தூரில் பருத்திச் சாகுபடிச் சோதனைகளுக்குப் பொறுப்பேற்றார். 1838 முதல் 1853 வரை ‘இக்கோனெஸ்’ என்ற ஆறு பாக நூலை வெளியிட்டார். அதில் உள்ள படங்கள் 2,101. இவை சென்னையிலேயே கல்லச்சில் அச்சிடப்பட்டவை. ஒரு வகைச் சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்புச் சேர்ந்த மையால் கோடுகளை எழுதி, கல்லை நனைத்து, மை பூசித் தாளை அழுத்தினால், கோடு உள்ள இடத்தில் மட்டும் மை பற்றும். அதுவே கல்லச்சு முறை. வர்ணம் தீட்டிய படங்களுடன் இந்தியத் தாவரங்களை விளக்கும் நூல் ஒன்றையும், நீலகிரித் தாவரங்களைப் பற்றிய நூல் ஒன்றையும் அவர் இதே காலத்தில் கொண்டுவந்தார். 1845-ஆம் ஆண்டை ஒட்டி ரங்கய்யாவின் இடத்துக்குக் கோவிந்து வந்தார். படங்களின் அடியில் ஓவியர் பெயரையும் பொறித்தார் வைட். கும்பினி ஆட்சிக் காலத்தில் இந்திய ஓவியர் ஒருவருக்கு அச்செழுத்தில் இவ்வாறு இடம் தருவது அரிய செயல்.

அதற்கும் மேலாக வைட் ஒன்று செய்தார். 1853-இல் ஓர் ஆர்க்கிட் செடியைப் புதிய பேரினம் என்று கருதி, அதற்குத் தம் ஓவியரின் பெயரால் ‘கோவிந்தூயா’ என்று பெயரிட்டார். அரசர்களுக்கும் ஆளுநர்களுக்கும் பேரறிஞர்களுக்கும் கிடைத்துவந்த கௌரவம் அது. மாதச் சம்பளத்துக்குப் படம் எழுதிய ஒருவரின் பெயர், லத்தீன் உருவம் பெற்று உலகத் தாவரப் பட்டியலில் ஏறியது.

ஆனால் அந்தப் பெயர் நிலைக்கவில்லை. தாவர நூலுக்கு ஒரு சட்டம் உண்டு: ஒரே செடிக்கு இரண்டு பெயர் இருக்குமானால், முறைப்படி முதலில் வெளியான பெயரே செல்லும். வைட் கண்ட ஆர்க்கிட், லிண்ட்லி என்ற அறிஞர் 1833-இலேயே ‘டிராபிடியா’ என்று பெயரிட்ட பேரினத்தைச் சேர்ந்தது என்று பின்னால் வந்தவர்கள் முடிவு செய்தார்கள். கோவிந்தூயா என்ற பெயர் வழக்கொழிந்த பெயர்களின் வரிசைக்குத் தள்ளப்பட்டது. வைட்டின் பெயரால் வாலிச் என்பவர் 1830-இல் அமைத்த ‘வைட்டியா’ என்ற பேரினமோ இன்றும் நிலைத்து நிற்கிறது. இதில் யாரும் யாருக்கும் அநீதி செய்யவில்லை. சட்டம் எல்லோருக்கும் பொதுவானதே. ஆயினும் ஓவியர்களுக்குக் கிடைத்த மிகச் சில பெயர்களில் ஒன்று மறைந்ததை எண்ணும்பொழுது மனம் சற்றே கனக்கத்தான் செய்கிறது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இந்த ஓவியர்கள் நெருங்கிய உறவினர்போலத் தோன்றுவதுண்டு. நாள்தோறும் என் மேஜைக்கு வரும் சுற்றறிக்கைகளும் விதிகளும் என் கையால் தமிழாகி வெளியே செல்கின்றன. அவற்றில் என் பெயர் இராது. இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் ஒரு சொல்லைத் தவறாகப் போட்டால் எங்கோ ஒருவருக்கு வரவேண்டிய உரிமை வராமல் போகும். தாவரச் சித்திரமும் ஒருவகை மொழிபெயர்ப்பே. மண்ணில் முளைத்ததைத் தாளுக்குக் கொண்டுவருகிறவர், தம்மை மறைத்துக்கொண்டு மூலத்தை முன்னே நிறுத்துகிறார். தம்மை மறைத்துக்கொள்வது அவர் கடமையாக இருக்கலாம். அவரை மறந்துவிடுவது நம் கடமையாகாது.

கோவிந்துவின் கதை வைட்டுடன் முடிவடையவில்லை. 1853-இல் வைட் ஓய்வு பெற்றுத் தாயகம் சென்றபின், கோவிந்து ஹியூ கிளெக்ஹார்ன் என்ற மற்றொரு வைத்தியருக்காகச் சித்திரம் எழுதினார். கிளெக்ஹார்ன் சென்னையில் பிறந்தவர். 1845-ஐ ஒட்டி மைசூர்ச் சீமையின் சிவமொக்காவில் பணிபுரிந்தபோது, நாளொன்றுக்கு ஒரு செடியையாவது கவனித்துப் படிக்கவேண்டும் என்று விரதம்போல ஏற்றுக்கொண்டு, மராத்திய ஓவியர் ஒருவரைக் கொண்டு அச்செடிகளை எழுதுவித்தார். கிளெக்ஹார்னின் நாள்தோறும் ஒரு செடி என்ற உறுதி வரலாற்றில் பதிந்துவிட்டது. நாள்தோறும் ஒரு படம் எழுதிய அந்தக் கையோ, மராத்தியர் என்ற ஒரே சொல்லாக நின்றுவிட்டது. கிளெக்ஹார்ன் பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் தாவர நூல் பேராசிரியரானார். 1856-இல் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராகவும் ஆனார்.

அக்காலத்திலேயே சென்னையில் மற்றொரு வைத்தியர், அலெக்ஸாந்தர் ஹண்டர் என்பவர், 1850-இல் தம் சொந்தப் பணத்தில் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். சர்க்கார் அதைப் பிறகு ஏற்றுக்கொண்டது. சென்னையில் இன்று கவின்கலைக் கல்லூரியாக விளங்குவது அதுவே. இந்தியாவின் மிகப் பழைய ஓவியப் பள்ளி என்ற பெருமையும் அதற்கு உண்டு. அப்பள்ளியின் மாணவர்கள் கிளெக்ஹார்னின் தேவைக்காகத் தாவரப் படங்களைப் பிரதி எடுத்தார்கள். தந்தையிடமிருந்து மகனுக்கும் குருவிடமிருந்து சீடனுக்கும் வந்துகொண்டிருந்த கை, வகுப்பறையில் கரும்பலகையின் முன்னே கற்பிக்கப்படும் பாடமாக மாறியது இக்காலத்தில்தான். நம் பள்ளிக்கூடங்களில் ஓவிய ஆசிரியர் முதல் பாடமாக ஓர் இலையைக் கொடுத்து வரையச் சொல்கிறாரே, அவ்வழக்கத்துக்குப் பின்னால் இப்படி ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

இக்கிளெக்ஹார்னே நம்மை மீண்டும் லால்பாகுக்கு அழைத்து வருகிறார். 1760-இல் ஹைதர் அலி அமைத்து, திப்பு சுல்தான் வளர்த்த அத்தோட்டம், 1856-இல் சர்க்கார் தாவரப் பூங்காவாக ஆனபோது மைசூர் ஆட்சியாளருக்குத் தாவர விஷயங்களில் ஆலோசனை கூறியவர் அவர். பின்னர் 1874 முதல் 1908 வரை ஜான் காமரூன் என்பவர் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்தார். 1889-இல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகை அவர் காலத்தது. அங்கிருந்த செடிகளைப் பட்டியலிட்டு நூலாக வெளியிட்டவரும் அவரே. நம்மவர்கள் ‘பெங்களூர்க் கத்தரிக்காய்’ என்று பெயரிட்டுக் கூட்டுச் செய்யும் சௌசௌ என்னும் காய் இவ்வூரில் பரவியதற்கு அவரே காரணம் என்பார்கள். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த காய் அது. பிழைக்க வந்த ஊரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது.

வெளிநாடுகளிலிருந்து வந்திறங்கும் இத்தகைய செடிகளையும் பழங்களையும் மலர்களையும் உள்ளது உள்ளபடி பதிவு செய்ய ஓர் ஓவியர் வேண்டும் என்று காமரூன் உணர்ந்தார். 1884-ஆம் ஆண்டை ஒட்டி அப்பணிக்கு வந்தவர் செலுவய்யா ராஜு. ராஜு என்ற பெயரை இங்கும் காண்கிறோம். தஞ்சையைப் போலவே மைசூரும் தெய்வப் படங்களுக்குப் பெயர்பெற்ற ஊர் என்பதையும் இங்கு நினைவுகூரலாம். அவர் பல ஆண்டுகள் பூங்காவிலேயே இருந்து நூற்றுக்கணக்கான நீர்வர்ணப் படங்களை எழுதினார். வெள்ளைத் தாளில் கிளையும் இலையும் பூவும் காயும் இயல்பான அளவில் நிற்க, செடியின் பெயர் குறிக்கப்பட்ட படங்கள் அவை. வைட்டின் ஓவியர்கள் எழுதியவற்றில் பெரும்பகுதி கப்பலேறிவிட்டது; எடின்பரோ தாவரப் பூங்காவில் எழுநூற்றுக்கு மேற்பட்ட படங்கள் உள்ளன; கியூ பூங்காவிலும் லண்டன் இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சிச் சாலையிலும் மற்றவை இருக்கின்றன. செலுவய்யா ராஜுவின் படங்களோ அவை பிறந்த தோட்டத்தை விட்டு வெளியே போகாமல், லால்பாக்கில் உள்ள தோட்டக்கலைத் துறையின் பொறுப்பிலேயே இருந்துவருகின்றன. எந்தச் செடியைப் பார்த்து எழுதினாரோ அதன் வழித்தோன்றல் இன்றும் ஜன்னலுக்கு வெளியே நிற்கக் கூடும்.

இவ்விடத்தில் ஒன்றைச் சிந்திக்கவேண்டும். நீர்வர்ணம் மிகவும் மென்மையான பொருள். வெயில் பட்டால் வெளிறும். ஈரம் பட்டால் கரையும். அந்துப்பூச்சியும் கரையானும் தாளைத் தின்னும். அந்தப் படங்களுக்கு நேரும் அழிவு ஒரு கலைப்பொருளின் அழிவு மட்டுமன்று. இந்நகரில் நூறாண்டுகளுக்கு முன்னால் எந்தச் செடி வளர்ந்தது, எந்தப் பழவகை பயிரிடப்பட்டது என்பதற்கான கண்கண்ட சாட்சியும் அத்துடன் போய்விடும். தோட்டங்கள் வீடுகளாகவும், ஏரிகள் சாலைகளாகவும் மாறிவிட்ட ஒரு நகரத்துக்கு இத்தகைய சாட்சிகள் மிகவும் தேவை.

மறைந்த பெயர்களை மீட்கும் வேலையும் நடந்துவருகிறது என்பது ஆறுதலான செய்தி. எடின்பரோவைச் சேர்ந்த ஹென்றி நோல்ட்டி என்ற தாவர நூலறிஞர், வைட்டின் வாழ்க்கையையும், ரங்கய்யா, கோவிந்து ஆகியோரின் சித்திரங்களையும் ஆராய்ந்து 2007-இல் விரிவான நூலை வெளியிட்டார். அந்நூலின் தலைப்பிலேயே வைட்டின் பெயரோடு இவ்விரு ஓவியர்களின் பெயர்களும் இடம்பெற்றுள்ளன. 2019-இன் இறுதியில் லண்டனில், கும்பினிக் காலத்து இந்திய ஓவியர்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடைபெற்றது. அங்கும் இவ்விருவரின் படங்கள் அவரவர் பெயருடன் வைக்கப்பட்டன. தாவர நூலின் சட்டம் பறித்ததை வரலாற்று நூல் திருப்பிக் கொடுத்தது என்று சொல்லலாம்.

கலையும் ஓய்ந்துவிடவில்லை. பெங்களூரைச் சேர்ந்த நிருபா ராவ் என்ற இளம் ஓவியர் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெருமரங்களை நீர்வர்ணத்தில் எழுதியிருக்கிறார். ஆனைமலைப் பகுதியில் காடுகளை மீட்டெடுக்கும் பணியில் ஈடுபட்டுள்ள திவ்யா முடப்பா, டி. ஆர். சங்கர் ராமன் ஆகிய விஞ்ஞானிகளுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய நூல் 2018-இல் வெளிவந்தது. நூறடிக்கு மேல் வளரும் மரத்தை ஒரே புகைப்படத்தில் அடக்குவது அடர்ந்த காட்டுக்குள் மிகவும் அரிது. சுற்றிலும் உள்ள மரங்கள் மறைக்கும். ஓவியரோ அதை அடி முதல் முடி வரை தனியே நிறுத்திக் காட்ட முடிகிறது. ரங்கய்யாவின் காலத்துக்கும் நம் காலத்துக்கும் இடையே ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. தமிழ் நாட்டு மலையும், கன்னட நாட்டு நகரமும், தூரிகையும், விஞ்ஞானமும் இன்னும் கைகோத்தே நடக்கின்றன. இம்முறை ஓவியரின் பெயர் நூலின் அட்டையிலேயே இருக்கிறது.

வேற்று மாநிலத்தில் வாழும் நம்மைப் போன்றவர்கள், ஊரை நினைக்கும்பொழுதெல்லாம் வேம்பையும் புங்கையும் பூவரசையும் சேர்த்தே நினைக்கிறோம். நம் குழந்தைகளுக்கோ அம்மரங்களின் தமிழ்ப் பெயரும் தெரிவதில்லை, கன்னடப் பெயரும் தெரிவதில்லை. அதற்கு ஓர் எளிய வழி உண்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை லால்பாகுக்குப் போகும்பொழுது சிற்றுண்டியுடன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். செடிகளைப் பறிப்பது பூங்காவில் குற்றம். ஆகவே கீழே உதிர்ந்து கிடக்கும் ஓர் இலையை எடுத்துக் குழந்தையின் முன்னால் வையுங்கள். நரம்புகளை எண்ணச் சொல்லுங்கள். விளிம்பு நேராக உள்ளதா, பல்போல் உள்ளதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பார்த்தபடி எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்தபின் அடியில் மரத்தின் பெயரைத் தமிழிலும் கன்னடத்திலும் குறிக்கச் சொல்லுங்கள். கன்னடப் பெயர் தெரியாவிட்டால் அங்குள்ள தோட்டக்காரரைக் கேட்டால் மகிழ்ச்சியுடன் சொல்வார்.

பிறகு, மறவாமல், தாளின் ஓரத்தில் அந்தக் குழந்தையின் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள்.